சேர்வருக்கு வைத்த பொட்டு

சுதர்ஷினிக்குத் ‘தெரியாது’ என்று சொல்ல வராது. திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, படித்து, ஃபெக்டரி ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அவள் எப்போது தடுமாறுவாள், எப்போது சிரிக்கலாம் என்று ஆபீசே காத்துக்கொண்டிருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. உண்மையில் ஆபீசில் இருந்தவர்களுக்கு அவரவர் தலைவலியே பெரிதாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு ஒருமுறை மனதுக்குள் குடிவந்துவிட்டால் லேசில் காலி செய்யாது.

யாராவது எதையாவது கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்பாள். பார்த்தும்விடுவாள். வீட்டுக்குப் போய் இணையத்தைக் குடைந்து, மறுநாள் பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி வந்து செய்து கொடுப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, வெறும் வீம்புதான். அம்மா மீனம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி ஆயுசு முழுக்க மலையில் கொழுந்தெடுத்தவள். மகள் ஹட்டனில் உயர்தரம் படித்தாள், கொழும்பில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்தாள், அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபெக்டரிக்குப் பொறுப்பாக இருந்தவர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆட்களுக்கு அவர் டீமேக்கர் ஐயா. வெளியாள் எதற்கு, தோட்டத்துப் பிள்ளையே இருக்கிறதே என்று மேனேஜர் துரையிடம் பேசி அவளை உள்ளே எடுத்தது அவர்தான். அந்த நன்றி அவளுக்கு நிறையவே உண்டு. பிற்பாடு அவள் வாயை அடைத்ததும் அதே நன்றிதான்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். முன்பெல்லாம் மடுவத்தில் சண்டையில்லாத நாள் கிடையாது. நிறுக்கிறவர் தராசில் கையை வைத்தார், சாக்குக்கென்று அதிகமாகக் கழித்தார் என்று பெண்கள் கத்துவார்கள். கத்தாமல் என்ன செய்வது? எடை குறைந்தால் முழு நாள் கூலியான முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். நாள் முழுக்க மழையில் நனைந்துவிட்டுப் பாதி நாள் மட்டுமே வேலை செய்தவளாக வீட்டுக்குப் போக வேண்டும். மின்தராசு வந்த பிறகு எடை நேராக ஃபெக்டரியில் இருக்கும் சேர்வர் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆட்கள் அதைப் ‘பெட்டி’ என்றார்கள். மனிதர் மாதிரிப் பெட்டி பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் சுதர்ஷினியின் வேலை.

பெட்டியில் ஓடியது லினக்ஸ். லினக்ஸுக்கு அடிப்படை, கேர்னல் என்கிற மென்பொருள். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுவது அதுதான். பாதுகாப்புக்காக அடிக்கடி புதுக் கேர்னல் வந்து இறங்கும். புதியது வந்தால் பழையது தானாகப் போய்விடாது, அங்கேயே கிடக்கும். கிடந்து கிடந்து டிஸ்க்கை அடைத்துவிடும். ஆகவே அவ்வப்போது பழையதைத் தூக்க வேண்டும். அதில் முக்கியமான ஒழுங்கு ஒன்றுதான். இப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதைத் தொடக் கூடாது. புதியது வந்திருந்தாலும், சேர்வரை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் அது பொறுப்பேற்கும். அதுவரை பாரத்தைச் சுமப்பது பழையதுதான்.

எங்கள் ஃபெக்டரியிலோ சேர்வரை யாரும் நிறுத்துவதில்லை. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி தீர்வதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். வருஷத்தில் ஆயுத பூசையன்று மட்டும், உருளை, அடுப்பு, சல்லடை என்று எல்லா மெஷினையும் போலப் பெட்டியையும் நிறுத்துவார்கள். துடைத்து, பொட்டு வைத்து, பூசை முடிந்ததும் நல்ல நேரத்தில் போடுவார்கள். போன வருஷப் பூசையில் எழுந்த கேர்னல்தான் அடுத்த பூசை வரை உழைத்துக்கொண்டிருந்தது. இடையில் வந்தவையெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தன.

பூசைக்கு முந்தின மாதம் ஒரு பகல் நேரம் டிஸ்க் நிரம்பிவிட்டது. மடுவத்தில் எடை பதியவில்லை. வெளியே மழை கொட்டுகிறது, பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள், கங்காணி போனுக்கு மேல் போன் போடுகிறார். பேரின்பநாயகம் எழுந்து வந்து சுதர்ஷினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவளுக்கு முதுகெல்லாம் கண்ணாகிவிட்டது. பழைய கேர்னல்களைத் தூக்குவதற்கு உத்தரவை அடித்தாள். புதியதில் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் அந்த உத்தரவில் சேர்த்துவிட்டாள்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. நீ தூக்கச் சொல்வது இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கேர்னல், தூக்குகிற வேலையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டது. கேள்வி வந்ததை அவள் கண்டாள், என்ன கேள்வி என்று படிக்கவில்லை. படிக்க வேண்டுமானால் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். பின்னால் ஒருவர் நிற்கும்போது அப்படி உட்கார்ந்தால் தெரியாதவள் மாதிரி இருக்கும். ‘வேண்டாம்’ என்று தட்டினாள். பழையது போனது, டிஸ்க்கில் இடம் வந்தது, மடுவத்தில் எடை ஏறத் தொடங்கியது. பேரின்பநாயகம் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் திரையை மேலே தள்ளிப் படித்தாள். ஓடிக்கொண்டிருந்த கேர்னலை டிஸ்க்கிலிருந்து தூக்கியாயிற்று. நினைவகத்தில் இருப்பதால் அது இன்னும் ஓடுகிறது, நிறுத்தினால் போய்விடும். மிச்சமிருந்த புதியவையோ, டிஸ்க் நிரம்பிக் கிடந்த நேரத்தில் வந்து இறங்கியவை. முழுதாக இறங்கினவா, அரைகுறையா என்பது நிறுத்திப் போட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். நிறுத்த வேண்டுமானால் டீமேக்கரிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார். இப்போதுதான் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். மறுநாளும் அதையே நினைத்தாள். பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாள் போகப் போக, புதிய கேர்னல் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கப் பழகிவிட்டாள். நம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

இனி பூரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீசையும் சேர்வர் அறையையும் கூட்டித் துடைக்கிறவள் அவள். சுதர்ஷினியைவிடக் கொஞ்சம் மூத்தவள். அதற்கு முன் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் புருஷன், அவள் என்று எல்லோரையும் குளவி சுற்றிக்கொண்டது. எங்கள் மலைகளில் இது புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே புருஷன் செத்துப்போனான், அவள் முகமெல்லாம் வீங்கிப் பிழைத்து வந்தாள். அதன் பிறகு மலையில் கால் வைத்தாலே அவளுக்கு நடுக்கம் வரும். தேயிலைச் செடிக்குள் ஒரு வண்டு பறந்தாலும் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் ஃபெக்டரிக்குள் இந்த வேலையை வாங்கினாள். இங்கே கூரை இருந்தது, கதவு இருந்தது, பறக்கிற எதுவும் உள்ளே வராது. அவளுக்கு அது போதும்.

பூசையன்று காலையில் ஃபெக்டரியைப் பார்க்கவே அழகாக இருந்தது. வாசலில் வாழைமரம், உருளைகளுக்கெல்லாம் சந்தனம், அடுப்புக்கு மாலை. பூசாரி ஒவ்வொரு மெஷினாகத் தீபம் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சேர்வர் அறையில் சுதர்ஷினியும் பூரணியும் மட்டும் இருந்தார்கள். பெட்டியை நிறுத்தும்போது சுதர்ஷினிக்கு அந்தப் புதிய கேர்னல் ஞாபகம் வந்தது, ஒதுக்கித் தள்ளினாள். பூரணி தூசி துடைத்து முடித்ததும் சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினாள் சுதர்ஷினி.

“நீங்களே வைங்க பூரணிக்கா. தெனமும் தொடைக்கிறது நீங்கதானே.”

“வேணாம் மிஸ். நான் வைக்கக் கூடாதுங்க. யாராச்சும் பாத்தா பேசுவாங்க.”

இந்தக் காலத்திலும் இதெல்லாமா, யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சுதர்ஷினி. மனதாரத்தான் சொன்னாள். சொல்லும்போது தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பூரணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து பெட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சுண்டல் தட்டோடு அந்தப் பக்கம் போன சண்முகவடிவு, சல்லடைப் பிரிவில் வேலை செய்கிறவள், கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பூசை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். துரை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உருளையின் சுவிட்சைப் போட்டார், உருளை சுற்றியது. அடுப்பு எரிந்தது. சல்லடைகள் ஆடின. எல்லோரும் கும்பிட்டார்கள். கடைசியாகப் பெட்டி. துரை, பேரின்பநாயகம், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி, பூசாரி, பாதி ஃபெக்டரி என்று எல்லோரும் அறை வாசலில் கூடி நிற்க, சுதர்ஷினி பொத்தானை அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி ஓடி அப்படியே நின்றுவிட்டது. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுப்பிவிட வேண்டிய பழையவன் இல்லை, வந்திருக்கும் புதியவன் அரைகுறை. அவள் நினைத்துப் பயந்தது அப்படியே நடந்திருந்தது.

கூட்டம் சலசலத்தது. பொட்டு வைத்தது யார் என்று யாரோ கேட்டார்கள். சண்முகவடிவு மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“தாலியறுத்த கையால வச்சா பின்ன எப்புடி வேல செய்யும்?”

அத்தனை தலையும் பூரணி பக்கம் திரும்பியது. பூரணி சுதர்ஷினியைப் பார்த்தாள். நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதைச் சொன்னாலே பாதிப் பழி இறங்கியிருக்கும். சுதர்ஷினி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனதுக்குள் அப்போது எழுந்த எண்ணத்தை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘நல்ல வேளை’ என்று நினைத்தாள்.

பூரணி வாளியை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே போனாள். பூசாரி எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கிக் குங்குமம் தடவி அறை வாசலில் இரண்டு பக்கமும் வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு சுதர்ஷினி கதவைச் சாத்திக்கொண்டு கொழும்பில் இருக்கும் தர்ஷனுக்குப் போன் போட்டாள். டிப்ளோமாவில் கூடப் படித்தவன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் தூக்கிவிட்டேன், கேட்டுச்சு, படிக்காமல் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டேன் என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னாள். தூரத்தில் இருக்கிறவனிடம் உண்மை சொல்வது எவ்வளவு சுலபம். பென் டிரைவில் வேறொரு லினக்ஸைப் போட்டு அதன் வழியாகப் பெட்டியை எழுப்பி, உள்ளே போய்க் கேர்னலைத் திரும்ப நிறுவச் சொன்னான். பெரிய வித்தையில்லை. ஆனால் அவளிடம் பென் டிரைவ் தயாராக இல்லை, இணையமும் நத்தை மாதிரி ஊர்ந்தது. மறுநாள் பின்னேரம்தான் பெட்டி எழுந்தது. எடை ஒன்றும் அழியவில்லை. ஆட்கள் எலுமிச்சம்பழத்தைக் கும்பிட்டார்கள்.

அதற்கிடையில் மடுவத்தில் பழைய தராசை எடுத்து வைத்து நிறுத்ததில் பழைய சண்டை அப்படியே திரும்பி வந்தது. நிறையப் பேருக்கு அரைப் பேர் விழுந்தது. கோபமெல்லாம் போய்ச் சேர ஒரு முகவரி வேண்டும் இல்லையா? அது பூரணியின் வீட்டு வாசலாயிற்று. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பழனியாண்டி ஆட்களின் சார்பில் ஆபீசுக்கு வந்து, அந்தப் பொம்பளையை மெஷின் பக்கமே விடக் கூடாது என்று பேசிவிட்டுப் போனார்.

பேரின்பநாயகம் சுதர்ஷினியைக் கூப்பிட்டார். பொட்டு வைத்து மெஷின் நின்றதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்று சிரிக்காமல் சொன்னார். பிறகு நேராகவே கேட்டார்.

“பிள்ளை, பூசைக்கு முதல் நீங்கள் உதிலை ஏதும் கை வச்சனீங்களோ? இருந்தால் சொல்லுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“இல்ல சேர்.”

இவ்வளவுதான் அவள் சொன்னது. அப்படியென்றால் சனத்தைச் சமாளிக்கத் தனக்கு வேறு வழி தெரியவில்லை, பூரணியை மலைக்கே மாற்றிவிடுகிறேன் என்றார் அவர். சுதர்ஷினி தலையாட்டிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வீட்டில் மீனம்மாவுக்கு ஒரே நிம்மதி. மகள்மேல் பழி வராமல் அம்மன் காப்பாற்றினாள் என்று விளக்கு வைத்தாள். நம்ம புள்ள இல்லாட்டி பெட்டி எழும்பியிருக்குமா என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை பேசினாள். சுதர்ஷினியால் சோற்றை விழுங்க முடியவில்லை. அவமானம் என்றால் நாலு பேர் பார்த்துச் சிரிப்பது என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைக் கேட்கும்போதும் உடம்பு கூசியது.

பூரணி மலைக்குப் போகத் தொடங்கினாள். ஆபீசு ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் கொழுந்தெடுப்பவர்கள் தெரிவார்கள். சுதர்ஷினி ஜன்னல் பக்கமே போகாமல் இருந்தாள். ஆனாலும் சேதி வந்து சேர்ந்தது. தும்பி பறந்ததற்கு அலறிக்கொண்டு ஓடிப் பாறையில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாளாம். நொண்டிக்கொண்டே மறுநாளும் மலைக்குப் போனாளாம். அதைச் சொன்ன ஆபீசுப் பெண் பாவம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். இனித் தாங்காது, சொல்லிவிட வேண்டும் என்று சுதர்ஷினி எழுந்தாள்.

எழுந்தவள் பக்கத்து அறைக்குத்தான் போயிருக்க வேண்டும். பேரின்பநாயகம் அங்கேதான் இருந்தார். அவள் குடையை எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனாள்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள், பழனியாண்டியும் இருந்தார். முழங்காலில் துணிக்கட்டோடு வரிசையின் கடைசியில் பூரணி நின்றாள். சுதர்ஷினி தராசுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். பெட்டி நின்றதற்குப் பூரணிக்கா காரணமில்லை, நான்தான் காரணம் என்றாள். பொட்டு வைக்கச் சொன்னதும் நானே என்றாள். கேர்னல் என்று ஒன்று இருக்கிறது, பழையதைத் தூக்கும்போது ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன் என்று முழுவதையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேர்னல், டிஸ்க், லினக்ஸ் எல்லாம் மழை மாதிரி அவர்கள் தலைக்கு மேலே விழுந்து வழிந்து போயின. அழுகை மட்டும் புரிந்தது. பழனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாத்தீங்களா, எம்புட்டுப் பெரிய மனசுன்னு. ஒரு ஏழப் பொம்பளைக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குது நம்ம புள்ள.”

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி வந்து சுதர்ஷினியின் கண்ணைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டாள். இன்னொருத்தி, மீனம்மா கொடுத்து வைத்தவள் என்றாள். இல்லை, நான் சொல்வது நிஜம் என்று சுதர்ஷினி திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் மனம் இன்னும் இளகியது. தராசு வேலையைத் தொடங்கியது. பூரணி கொழுந்தை நிறுத்துவிட்டு வந்தபோது மற்றவர்கள் முன்போலவே விலகி வழிவிட்டார்கள்.

சுதர்ஷினி அவள் பின்னாலேயே ரோட்டு வரை போனாள். பூரணிக்கா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பூரணி நின்று கூடையை இறக்கி வைத்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

“அன்னைக்கு நீங்க போன்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சு மிஸ். வாளிய வைக்க வந்தேன், கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன்.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள் சுதர்ஷினி.

“நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லிட்டீங்க. ஆனா புரியாத எங்ககிட்ட வந்து சொல்லிட்டீங்க மிஸ். புரியிறவரு ஃபெக்டரியில இருக்காரு.”

கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மலைப் பக்கம் ஏறிப் போனாள். சுதர்ஷினி ரோட்டிலேயே நின்றாள். பூரணி சொன்னது அப்பட்டமான உண்மை. புரியாத கூட்டத்தின் முன்னால் அழுதுவிட்டு, நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு, மனதையும் லேசாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்திருக்கிறாள். தனக்கே தெரியாமல் செய்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் குடையை எடுத்த கணத்தில் அவளுக்கு உள்ளுக்குள் தெரியும்.

ஃபெக்டரிக்குத் திரும்பி, செருப்பில் ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டாமல் பேரின்பநாயகத்தின் அறைக்குள் போனாள். இந்த முறை அழவில்லை. நீங்கள் பின்னால் நின்ற அன்று என்ன நடந்தது, திரை என்ன கேட்டது, அதற்குப் பிறகு எத்தனை நாள் அதைச் சரிசெய்ய வாய்ப்பிருந்தும் சும்மா இருந்தேன், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியப் புரிய அவர் முகம் மாறியதை அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பிழை எல்லாருக்கும் வரும் பிள்ளை. ஆனா ‘இல்லை’ எண்டு சொன்னனீங்கள் பாருங்கோ, அதை நம்பித்தான் நான் அந்த மனிசியை மலைக்கு அனுப்பினனான்.”

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அவள் வேலையைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார். சேர்வரை நிறுத்திப் போட்டுச் சோதிக்கவும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவரிடம் சுதர்ஷினி ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சரளமாக வரவில்லை.

பூரணியை அடுத்த வாரமே ஃபெக்டரிக்குத் திரும்ப எடுத்தார்கள். பழனியாண்டி முறைத்தார், சண்முகவடிவு முணுமுணுத்தாள், பேரின்பநாயகம் இது என் உத்தரவு என்று வாயை அடைத்தார். முதல் நாள் காலையில் பூரணி விளக்குமாற்றோடு ஆபீசு முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சேர்வர் அறை வாசலுக்கு வந்ததும் நின்றாள். சுதர்ஷினி கதவை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

“இந்த ரூம மட்டும் நீங்களே கூட்டிக்கங்க மிஸ்,” என்றாள் பூரணி. “மறுபடி என்னமாச்சும் ஆனா, எனக்கு மலைக்குப் போக முடியாது.”

விளக்குமாற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனாள். சுதர்ஷினி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கூட்டத் தொடங்கினாள்.